ஆயாவின் பேண்ட் ஸ்விட்ச்

போன பொங்கலுக்கு ஆணி புடுங்குறதுல இருந்து நாலு நாள் விடுதலை. சிதம்பரத்துல ஆயா வீட்டுப் பரண்ல இருந்து தாத்தாவோட வால்வு ரேடியோவை இறக்கினேன். இறக்கினதுமே அப்பா ஆரம்பிச்சுட்டார். "உங்க தாத்தா இதுல திருச்சி நியூஸ் தவிர வேற எதையும் கேட்கமாட்டார். சினிமாப் பாட்டுன்னா ஆகவே ஆகாது." எங்க குடும்பத்துல இது வேதவாக்கு. நானும் சின்ன வயசுல இருந்து கேட்ட கதைதான். அந்தக் கதை ஒரு ஸ்விட்சால மாறிப்போனதைத்தான் எழுதப்போறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு பாவமன்னிப்பு. காலேஜ் படிக்கிறப்ப கடலூர் முதுநகர்ல ஒரு சொந்தக்காரர் வீட்டு ரேடியோவை "சரி பண்ணித் தரேன்"னு வாங்கினேன். படிக்கிறது ஈ.சி.இ., திமிருக்குக் கேட்கவா வேணும். பேண்ட் ஸ்விட்ச் காண்டாக்ட் எல்லாம் கன்னங்கரேல்னு இருந்துச்சு. உப்புத்தாளை எடுத்துப் பளபளன்னு தேய்ச்சேன். ரெண்டு வாரம் சூப்பரா பாடிச்சு. அப்புறம் பழையபடி கரகர. ஆறு மாசத்துல மொத்தமா அவுட். நான் தேய்ச்சு எடுத்தது அழுக்கை மட்டும் இல்லை, வெள்ளி முலாமையும் சேர்த்துத்தான். அடியில இருந்த பித்தளை கடல் காத்துல பச்சைக் களிம்பு பிடிச்சுப்போச்சு. அந்த மாமா இன்னிக்கு வரைக்கும் என்னை ஒண்ணும் கேட்கலை. அதுதான் இன்னும் உறுத்துது.

பேண்ட் ஸ்விட்ச்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: மத்திய அலை, சிற்றலை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மாத்தற குமிழுக்குப் பின்னாடி இருக்கற சமாச்சாரம். வெள்ளைக்காரங்க இதை யாக்ஸ்லி ஸ்விட்ச்னு சொல்வாங்க, ஒரு அமெரிக்கக் கம்பெனியோட பேர். பழுப்பு நிறத்துல வட்டமான தகடு, அதைச் சுத்தி வெள்ளி முலாம் பூசின குட்டிக் குட்டி கவ்விகள், நடுவுல சுத்தற ஒரு வளையம். குமிழைத் திருப்பினா வளையத்தோட நாக்கு ஒரு கவ்வியில இருந்து அடுத்ததுக்குத் தேய்ச்சுக்கிட்டே போகும்.

வெள்ளியை ஏன் போட்டாங்க? மின்சாரத்தைக் கடத்தறதுல அதை மிஞ்ச வேற உலோகம் இல்லை. ஆனா கந்தகம் பட்டா கறுத்துடும். பிச்சாவரம் சேத்துல கால் வெச்சா அழுகின முட்டை வாசம் வருமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்துல துளியூண்டு இருந்தாலே போதும். கொலுசு கறுக்கற அதே கதைதான். வீட்டு மெயின் ஸ்விட்ச்ல இப்படி ஒரு கறுப்புப் படலம் இருந்தா 230 வோல்ட் அதைப் பிய்ச்சுக்கிட்டுப் போயிடும். ஏரியல்ல இருந்து பேண்ட் ஸ்விட்சுக்கு வர்ற சிக்னலோ மைக்ரோவோல்ட் கணக்கு. மெல்லிசுப் படலம் கூட அதுக்குப் பெரிய சுவர். அதனாலதான் விளக்கு எரியும், வால்வு சிவக்கும், பாட்டு மட்டும் வராது.

கொஞ்சம் ரூட் மாறிக்கிறேன், மன்னிக்கணும். ரேடியோவோட ஆரம்பமே லூஸ் காண்டாக்ட்தான் தெரியுமோ? 1890ல பிரான்ஸ்ல பிரான்லி, ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ள உலோகத் தூளைப் போட்டு வெச்சார். சும்மா இருக்கறப்ப அது கரண்ட்டை சரியா விடாது, பக்கத்துல மின்பொறி பறந்தா விடும். முதல் ரேடியோ ரிசீவர்கள் எல்லாம் இந்தக் குழாயை நம்பித்தான் இருந்துச்சு. நம்ம ஜகதீஷ் சந்திர போஸ், இரும்புக்கும் பாதரசத்துக்கும் நடுவுல இருக்கற தொடர்பை வெச்சு அதுக்கு மேல ஒண்ணு செஞ்சு, 1899ல லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். கலீனாக் கல்லை வெச்ச டிடெக்டருக்கு அமெரிக்காவுல அவருக்கு 1904ல பேடன்ட் கிடைச்சுது. 1924ல மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பு ஆரம்பிச்ச காலத்துல கிரிஸ்டல் செட்டுன்னா கல்லு மேல கம்பி முனையை வெச்சு, எங்க பட்டா சத்தம் வருதுன்னு தேடறதுதான். ஆக, காண்டாக்ட்டோட மல்லுக்கட்டறது நமக்கு வாய்ச்ச சாபம் இல்லை, பரம்பரைத் தொழில்.

சரி, சிதம்பரத்துக்கு வருவோம். இந்தத் தடவை உப்புத்தாளைத் தொடலை. பின்பக்க அட்டையைக் கழட்டி, டார்ச் அடிச்சு, போன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் பார்த்தேன். அப்பதான் ஒண்ணு உறைச்சுது. திருப்பித் திருப்பிப் புழங்கின காண்டாக்ட் உரசி உரசித் தானே சுத்தமாயிடும். புழங்காதது கறுத்துப்போயிடும். சிற்றலை ரெண்டும் மூணும் கரிக்கட்டை மாதிரி இருந்துச்சு. ஆனா மத்திய அலைக்கும் சிற்றலை ஒண்ணுக்கும் நடுவுல வெள்ளி தேஞ்சு பித்தளை மஞ்சளாத் தெரிஞ்சுது. அந்த ஒரே பாதையில ஆயிரக்கணக்கான தடவை யாரோ போய்ப்போய் வந்திருக்காங்க. திருச்சி நியூஸ் மட்டும் கேட்டவருக்குச் சிற்றலையில என்ன வேலை? திருச்சி மத்திய அலை ஆச்சே!

அப்பாகிட்ட காட்டினேன். "மெக்கானிக் எவனாவது திருகியிருப்பான்"னார். ஆயா கட்டில்ல உட்கார்ந்து வெத்தலை இடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மெக்கானிக் இல்லடா, நான்தான்"னாங்க.

தாத்தா காலையில ஆபீஸ் போனா பொழுது சாஞ்சுதான் வருவார். அவர் தலை மறைஞ்சதும் ஆயா ஒரு திருப்புத் திருப்பிக் கொழும்பு வெச்சுடுவாங்களாம்.

கொழும்புக்கு ஏன் அவ்வளவு மவுசுன்னா, 1952ல கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரி ஆனதும் ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டு அனேகமா நின்னேபோச்சு. ரேடியோ சிலோன் 1950லயே வர்த்தக ஒலிபரப்பை ஆரம்பிச்சு ரெடியா இருந்துச்சு. இங்க மூடின கதவு அங்க திறந்துச்சு. 1957ல விவித் பாரதி வந்த பிறகும் நம்ம ஆளுங்க மயில்வாகனம் குரலை விட்டுக்கொடுக்கலை. பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீதுன்னு அது ஒரு தனி சாம்ராஜ்யம். புதுச்சேரி நிலையமே 1967லதான் வந்துச்சு. கடலூர், சிதம்பரம் ஜனங்களுக்கு அதுவரைக்கும் மெட்ராஸ், திருச்சி, இல்லைன்னா கொழும்பு.

"அவர் வர்றதுக்கு அரை மணி முன்னாடி அணைச்சுடுவேன். வால்வு பொட்டி பாரு, தொட்டா சூடு தெரிஞ்சுடும். திருச்சிக்கே திருப்பி வெச்சுடுவேன். முள்ளு கூட வெச்ச எடத்துல இருக்கணும்" - இது ஆயா. (டி.வி. பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்த அப்பாக்களிடம் வளர்ந்த என் இனத்தவருக்கு இது புரியும்.) போஸ்ட் ஆபீஸ்ல ஸ்டாம்ப் ஒட்டி வாங்கின ரேடியோ லைசென்ஸ் புக்கும் பீரோவுல இருந்துச்சு. அதுல இருக்கறது தாத்தா பேர். அப்பா அந்த புக்கையே பார்த்துக்கிட்டு இருந்தார். "ஒரு நாள் கூட எனக்குத் தெரியலையேம்மா"ன்னார். "நீதான் பள்ளிக்கூடம் போயிட்டியே"ன்னாங்க ஆயா.

முதுநகர் ரேடியோவுலயும் இப்படி ஏதாவது இருந்திருக்கும். அதைத்தான் நான் உப்புத்தாளால அழிச்சிருக்கேன்.

இப்ப சுத்தம் பண்ணின விதம். அந்தக் காலத்து மெக்கானிக்குங்க சி.டி.சி.ன்னு ஒரு திரவம் வெச்சிருப்பாங்க. கார்பன் டெட்ராகுளோரைடு. அழுக்கை நல்லா எடுக்கும், கல்லீரலையும் எடுத்துடும். ஓசோனுக்கும் ஆகாதுன்னு அதை ஒழிச்சுட்டாங்க. இப்ப மொபைல் ரிப்பேர் கடைங்கள்ல கிடைக்கற ஐ.பி.ஏ. போதும். விசிட்டிங் கார்டை மெல்லிசா வெட்டி, நுனியை நனைச்சு, கவ்விக்கு நடுவுல விட்டு மெதுவா இழுக்கணும். கார்டுல கறுப்பு வரும். அப்புறம் குமிழை இருபது தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பணும். கவ்வியை வளைச்சுடாதீங்க, பழுப்புத் தகட்டைக் குளிப்பாட்டிடாதீங்க. ஆயா விபூதி போட்டுத் தேய்க்கச் சொன்னாங்க. வெள்ளிக் குத்துவிளக்குக்கு சரி, இதுக்கு வேணாம், சாம்பல் உள்ளேயே தங்கிடும். எல்லாத்துக்கும் முன்னாடி பிளக்கைப் பிடுங்கிட்டு, ஃபில்டர் கண்டென்சர்ல தங்கியிருக்கற சார்ஜை இறக்கணும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டா இருந்தா சேசிஸ்லயே கரண்ட் இருக்கலாம். விளையாட்டு வேணாம்.

கறுப்பை மட்டும் எடுத்தேன். பித்தளை தெரிஞ்ச இடத்தைச் சும்மா ஒத்தி எடுத்ததோட சரி. ஒழுகின பேப்பர் கண்டென்சர்களை மாத்திட்டு, சீரிஸ்ல ஒரு குண்டு பல்பைப் போட்டு மூணாம் நாள் ராத்திரி ஆன் பண்ணினேன். வால்வு சூடாக அரை நிமிஷம். மத்திய அலையில ஏதோ ஒரு பேச்சு, தூரத்துல. சிற்றலையில இன்வெர்ட்டரும் சார்ஜரும் போடற இரைச்சல்தான். ஆயா கேட்ட கொழும்பு இப்ப அங்க இல்லை.

"தள்ளு"ன்னாங்க ஆயா. எழுந்து வந்து, ரேடியோவைப் பார்க்காம வாசலைப் பார்த்துக்கிட்டே குமிழை ஒரு திருப்புத் திருப்பினாங்க. டக்.