மலாய் ஒட்டுகளும் தமிழ்ச் சொற்களும்

மலாய் மொழியில் வேர்ச்சொல்லோடு சேர்ந்து பொருளை மாற்றும் உறுப்புக்கு இம்புஹான் என்று பெயர். மெ-, பெர்-, பெ-, டி-, தெர்- முன்னால் ஒட்டும். -கான், -ஆன், -இ பின்னால் ஒட்டும். தமிழிலும் ஸ்பானிய மொழியிலும் வினைமுற்றின் கடைசி எழுத்துகளே நானா, நீயா, அவர்களா என்று காட்டிக்கொடுத்துவிடும். மலாய் வினை ஆளுக்கோ காலத்துக்கோ திரிவதில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு மலாய் இலக்கணம் முதலில் தலைகீழாகத் தெரிவது இதனால்தான்.

ஒட்டுகள் பழையவை. சுமத்ராவில் பலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு கி.பி. 683ஐச் சேர்ந்தது, பல்லவ எழுத்தில் வெட்டப்பட்டது. 'கொண்டுபோ' என்ற பொருளில் அதில் வரும் 'மமவா' இன்றைய 'மெம்பாவா'. அன்றைய மர்- இன்று பெர்- ஆகிவிட்டது. இவற்றுக்கு நவீன காலத்தில் இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் ஸாபா என்ற ஜைனல் அபிடின் அகமது. அவருடைய 'பெலித்தா பஹாசா மெலாயு' 1940களில் வெளிவந்தது. 1956இல் தோன்றி மறு ஆண்டு கோலாலம்பூருக்கு வந்த மொழி அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகா, 1986, 1989 ஆண்டுகளில் தன் இலக்கண நூலை இரண்டு பாகங்களாக வெளியிட்டது.

அந்த இலக்கணத்தில் மாணவரை அதிகம் திணறடிப்பது மெ- ஒட்டுதான். க, ப, ச, த ஒலிகளில் தொடங்கும் வேரோடு அது சேர்ந்தால் அந்த முதல் ஒலி மறைந்து மெல்லினம் வரும்: துலிஸ் (எழுது) மெனுலிஸ் ஆகும், புக்குல் (அடி) மெமுக்குல் ஆகும். புதிதாக வந்த அயற்சொல்லுக்குப் பெரும்பாலும் இந்தச் சேதமில்லை. ஆங்கிலத்திலிருந்து வந்த புரோசெஸ் 'மெம்புரோசெஸ்' என்று பகரத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. நம் கப்பலுக்கோ அந்தச் சலுகை கிடைக்கவில்லை. மலாயில் காப்பால் ஆன அது, 'கப்பலில் அனுப்பு' என்ற வினையாகும்போது ககரத்தை இழந்து 'மெஙாப்பால்கான்' என்று நிற்கிறது. விருந்தாளிக்குத்தான் மரியாதை, வீட்டு ஆளுக்கு ஏது?

தமிழ்ச் சொற்கள் இப்படி வீட்டு ஆளானதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் சாட்சி நிறைய. கடை 'கெடாய்', கடைக்காரர் 'பெகெடாய்'. கப்பல் தொழில் 'பெர்காப்பாலான்'. போர்ட் கிள்ளான் பக்கம் பெயர்ப்பலகைகளில் பார்க்கலாம். முதல் என்ற நம் வணிகச் சொல் 'மோடால்'. அதன் இருபுறமும் ஒட்டுப் போட்டால் 'பெர்மோடாலான்', அதாவது முதலீடு. 1978இல் தொடங்கிய பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் நிறுவனம்தான் கோலாலம்பூரில் 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118 கோபுரத்தின் உரிமையாளர். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற எத்தனை தமிழருக்கு அதன் உரிமையாளரின் பெயரில் 'முதல்' இருப்பது தெரியும்?

ஒட்டு ஏமாற்றிய கதையும் உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் கடைப் பலகைகளில் காணும் 'பெர்னியாகாஆன்' என்பதற்கு வணிகம் என்று பொருள். இதன் மூலம், நம் வணிகத்துக்கு உறவான வடசொல். 'பெனியாகா' என்று ஒலித்த அதன் முதலசையை மக்கள் பெர்- என்று எண்ணிக் கழற்றிவிட, மிஞ்சிய 'நியாகா' தனி வேராகிவிட்டது.

வடமொழி ஒட்டுகளும் உண்டு. வார்த்தாவான் (செய்தியாளர்) என்பதன் -வான், நம் குணவானில் இருப்பதேதான். பாலர் பள்ளியைக் குறிக்கும் 'பிராசெகோலா'வில் முன்னொட்டு வடமொழி, பள்ளி போர்த்துகீசியம்.

எதிர்த்திசையில் நடந்தது வேறு. தமிழர் மலாய்ச் சொல்லை எடுக்கும்போது வெறும் வேரையே எடுக்கின்றனர். துன்பத்தைக் குறிக்கும் 'கெசுசாஹான்' ஏட்டில் இருக்க, பேச்சுக்கு வந்தது 'சூசா' மட்டும். "ரொம்ப சூசாவாப் போச்சு" என்று அதைத் தமிழ் விகுதியே முடித்துவைக்கிறது.