கிள்ளான் சாலையில் ஒரு வரலாற்றுப் பாடம்

அண்மையில் பள்ளி விடுமுறையின்போது நாகப்பட்டினத்திலிருந்து ஆசிரியத் தோழி ஒருவர் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். பத்துமலையையும் இரட்டைக் கோபுரத்தையும் பார்த்து முடித்ததும், "கிள்ளான் துறைமுகத்தைக் காட்டுவீர்களா?" என்று கேட்டார். எனக்கு வியப்பு. சுற்றுலா வருவோர் விரும்பிக் கேட்கும் இடமன்று அது. அவருடைய பாட்டனாரின் அண்ணன் 1920களில் கப்பலேறி மலாயா வந்தவராம். கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருப்பதாக ஒரேயொரு கடிதம் வந்திருக்கிறது. அதன்பின் செய்தியே இல்லை. "அவர் இறங்கிய மண்ணையாவது மிதித்துவிட்டுப் போகிறேன்" என்றார் தோழி.

மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டுக் காரில் புறப்பட்டோம். அந்தப் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்டுமாறு ஆங்கிலேய ரெசிடெண்டு பிராங்க் சுவெட்டன்ஹம் பணித்தார். அதற்கான செங்கற்சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் ரயில்வேயின் பட்டறைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அங்கு வந்தன. தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அந்த ரயில்வேயை நம்பியே அங்குக் குடியேறினர்.

அந்த ரயில்பாதை 1886இல் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவை எட்டியது. 1890இல் ஆற்றுக்குப் பாலம் அமைந்ததும் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. உள்நாட்டில் தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். இன்று நாம் கூட்டரசு நெடுஞ்சாலையில் விரையும்போது அந்தப் பழைய பாதையை ஒட்டியே செல்கிறோம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வழியில் கோத்தா டாருல் ஏசான் வளைவைக் கடந்தோம். 1974ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் சிலாங்கூர் மாநிலம் கோலாலம்பூரைக் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்ததன் நினைவாக எழுந்தது அது. அதனை அடுத்துப் பெட்டாலிங் ஜெயா, சுபாங், பின்பு ஷா ஆலாம். 1978இல் மாநிலத் தலைநகரான ஷா ஆலாம் அதற்குமுன் தோட்ட நிலமாக இருந்தது. "இங்கே பால்மரம் வெட்டியவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டார் தோழி. பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் மாலைக் கடைகளையும் துணிக்கடைகளையும் பார்த்துவிட்டு, 1892இல் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் வழிபட்டோம். மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது, 1941இல் இவ்வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றித் தோழியிடம் கூறினேன்.

அன்று ஒரு தமிழ்த் தொழிலாளியின் தினக்கூலி 50 காசு அளவில் இருந்தது. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழி தொழிலாளரைத் திரட்டினார். சமகூலி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பெண்களிடம் அத்துமீறக்கூடாது என்பவை அவர்களின் கோரிக்கைகளுள் சில. மற்றொரு கோரிக்கை நெஞ்சைத் தொடுவது. தோட்டத்துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்பது அன்றைய வழக்கம். இனி இறங்கமாட்டோம் என்றார்கள் அவர்கள்.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். இராணுவம் வரவழைக்கப்பட்டது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த தோழி, "பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்கவில்லையா?" என்றார். கேட்டார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டமே கூறியிருந்தது. ஆயினும் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும்தான். ஆகவே முறையான கல்வியும் அவர்கள் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. "அப்படியானால் உங்கள் மாணவர்களுக்கு இது தெரிந்திருக்குமே" என்றார் அவர். நான் தலைகுனிந்தேன். இத்தனை ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் நான் இதை ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

பிற்பகலில் துறைமுகத்தை அடைந்தோம். 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது இது. சதுப்பு நிலத்தைத் திருத்திக் கட்டிய இத்துறைமுகத்தில் திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவி, அதனை மூடிவிடலாமா என்று எண்ணும் நிலை வந்தது. மால்கம் வாட்சன் என்னும் அரசாங்க மருத்துவர் சதுப்பைத் தூர்த்து, வடிகால் வெட்டுவித்துக் கொசுவை ஒழிக்க முற்பட்டார். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்தது 1897இல்தான் என்பது குறிப்பிடத்தக்கது. துறைமுகம் பிழைத்தது. ஆனால் சுற்றியிருந்த தோட்டங்களில் மலேரியா பலகாலம் தமிழர் உயிரைக் குடித்தது. தோழியின் உறவினருக்கு என்ன நேர்ந்ததென்று அறிய இனி வழியில்லை.

பூலாவ் கெத்தாம் செல்லும் படகுத்துறையில் நின்று, தோழி நாகையிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு பிடி மண்ணைக் கடலில் தூவினார். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பள்ளி திறந்ததும் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், "உங்கள் பாட்டனார், பூட்டனார் இருந்த தோட்டத்தின் பெயர் என்ன?" என்று கேட்டேன். இரண்டொருவரே கை உயர்த்தினர். பிள்ளைகள்மேல் குற்றமில்லை, நாம்தான் சொல்லவில்லை. பெற்றோர்களே, அடுத்தமுறை கிள்ளானுக்கு நண்டு சாப்பிடப் போகும்போது, சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தவர்களின் கதையைக் காரிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள முதியவரிடம் தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரிய நண்பர்களே, நாமும் வகுப்பில் தொடங்குவோம்.