தூண்டிற்கோல் வளர்ந்த வரலாறு

தூண்டிற்கோல் ஒன்றை விலைக்கு வாங்கச் செல்பவன் முதலில் கேட்பது, “இஃது எவ்வளவு பெரிய மீனைத் தாங்கும்?” என்பதே. இயல்பான கேள்விதான், ஆயினும் அது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வியாகும். முதற்கேள்வி யாது என்பதை அமெரிக்க நாட்டு மீன்பிடிப்போர் நெடுங்காலப் பழக்கத்தினால் கண்டறிந்தனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் மீன்களுள் ஒன்று ‘பாஸ்’. நீர்ப்பூண்டுகளின் ஓரத்திலும், வீழ்ந்து கிடக்கும் மரங்களின் நிழலிலும் அது பதுங்கியிருக்கும். அருகே வரும் சிறுமீனையோ தவளையையோ திடீரெனப் பாய்ந்து கவ்வும். ஆதலின், அதனைப் பிடிக்க விரும்புபவன் மறைவிடத்துக்கு அருகே இரை விழுமாறு தொலைவிலிருந்தே குறி தவறாது எறிதல் வேண்டும். எறிதலே இங்குத் தலையாய வேலை.

தொடக்கத்தில் அமெரிக்கர் இதற்கென ஒரு கோலைச் செய்துகொள்ளவில்லை. மீன்பிடிக் கலையை அவர்கள் இங்கிலாந்து நூல்களிலிருந்து கற்றனர். அந்நூல்கள் டிரௌட், சால்மன் என்னும் மீன்களையே போற்றின. பாஸ் மீனோ அவற்றில் இடம்பெறவில்லை. ஆகவே, தம் நாட்டு மீனைப் பலர் தாழ்வாகக் கருதினர். அதனைப் பிடிக்கவும் பிறநாட்டு மீனுக்கென அமைந்த நீண்ட, கனத்த கோல்களையே கையாண்டனர்.

இந்நிலையில் கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளர் இருந்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில், கடிகாரப் பற்சக்கரங்களின் நுட்பத்தைக் கொண்டு அவர் ஒரு ரீலைச் செய்தார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நூலுருளை பலமுறை சுழலும். அது எளிதிற் சுழன்றமையால் இரையுடன் நூலும் தடையின்றி ஓடியது. கருவியின் ஒரு பாதி திருந்திவிட்டது. கோலாகிய மறுபாதி பழைய நிலையிலேயே நின்றது.

அக்குறையை உரக்க எடுத்துரைத்தவர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஹென்ஷல் என்னும் மருத்துவர். 1881-இல் அவர் பாஸ் மீனைப் பற்றித் தனி நூலொன்று வெளியிட்டார். வீரத்தில் இம்மீன் எதற்கும் இளைத்ததன்று என்றும், இதற்கெனத் தனிக்கோல் வேண்டும் என்றும் வாதாடினார். சிறுமீனை உயிருடன் முள்ளிற் கோத்து எறிவது அக்கால வழக்கம். வேகமாக வீசினால் இரை முள்ளினின்று பிய்ந்து போகும். அதற்கேற்ப அவர் வகுத்த கோல் 8 அடி 3 அங்குல நீளமுடையது, இலேசானது, மெல்ல வளைவது.

சில ஆண்டுகளில் இரை மாறியது. மிச்சிகன் மாநிலத்து ஜேம்ஸ் ஹெட்டன் போன்றோர் மரத்தாற் செய்த பொய்யிரையைப் பரப்பினர். மரம் பிய்ந்து போகாதன்றோ? எனவே, தலைக்கு மேலாக ஓங்கி வீசலாயினர். அதற்கு ஏறத்தாழ ஆறடியே உள்ள குட்டைக் கோல் ஏற்றதாயிற்று. மீன் அதே மீன்தான். இரையின் எடையும் இயல்பும் மாறவே கோலும் மாறியது. முதற்கேள்வி இப்போது விளங்குகிறது: “இக்கோல் எவ்வளவு எடையை எறியவேண்டும்?”

இதன் காரணம் எளிது. கோலைப் பின்னே சாய்த்து முன்னே வீசும்போது, இரையின் எடை கோலை வளைக்கிறது. வளைந்த கோல் வில்லைப் போன்று ஆற்றலைச் சேமித்து, நிமிரும்போது அதனை இரைக்கு அளிக்கிறது. எடைக்கு மிஞ்சிய விறைப்புடைய கோல் வளையாது. உழைப்பு முழுவதும் கைக்கே. அளவிறந்து துவளும் கோலோ குறியைச் சிதைக்கும்.

ஆகவே, கோலைச் சோதிக்கும் முறையும் இதிலிருந்தே பிறக்கிறது. கடையில் வெறுங்கோலை ஆட்டிப் பார்ப்பதால் பயன் சிறிதே. முதலில், கோலை ஒரு கண்ணால் நெடுக நோக்கி, வளையங்கள் நேர்வரிசையில் உள்ளனவா என்று காணவேண்டும். வளையத்தினுள் சிறிது பஞ்சை இழுத்தால், நூலை அறுக்கக்கூடிய கீறல் பஞ்சைப் பற்றிக் காட்டிக்கொடுக்கும். பின்னர், வழக்கமாக எறியும் எடையையே நுனியிற் கட்டி, புல்வெளியில் ஒரு குறி வைத்துப் பன்முறை எறிதல் வேண்டும். அரை அவுன்சு, அதாவது சுமார் 14 கிராம் எடையை இனிது எறியும் கோல், அதிற் பாதி எடைக்கு உதவாமற் போகலாம். தொலைவைவிடக் குறி தவறாமையே நல்ல கோலுக்கு அடையாளம்.

கோலின் பொருளும் காலந்தோறும் மாறி வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மூங்கிலைப் பிளாச்சுகளாகப் பிளந்து, இழைத்து, ஒட்டிக் கோல் செய்தனர். அதற்கு நம் நாட்டிலிருந்து ‘கல்கத்தா’ மூங்கில் சென்றது. பின்பு தென்சீனத்து ‘டாங்கின்’ மூங்கில் அதனிடத்தைப் பெற்றது. 1950-இல் அமெரிக்கா சீன வாணிகத்தைத் தடை செய்யவே அவ்வரத்து நின்றது. அதற்குள் கண்ணாடி இழைக் கோல்கள் சந்தைக்கு வந்திருந்தன. தலைமுறை தலைமுறையாய் மூங்கிலை இழைத்தோரின் தொழில் ஒடுங்கிற்று. 1970-களில் கார்பன் இழையும் வந்தது.

பொருள்கள் மாறின; சோதனை மாறவில்லை. இன்று கடைகளில் விற்கும் கோல்களின் அடிப்பகுதியில், எறிதற்குரிய எடையின் அளவு பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். சிறிய எழுத்தாயினும் அதன் பின்னே நீண்ட பட்டறிவு நிற்கிறது. வேற்று நாட்டு அளவுகோலை அப்படியே ஏற்காது, தம் நீர்நிலையையும் தம் மீனையும் நேரிற் கண்டு, செய்து பார்த்துத் திருத்தியோரின் பட்டறிவு அது. கோலுக்கு மட்டுமன்று, கற்கும் எதற்கும் பொருந்தும் நெறி அதுவேயாகும்.