ஆலையும் பள்ளியும்: இராஜபாளையம் தொழில் வரலாறு தரும் பாடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஊர்கள் திருவில்லிபுத்தூரும் இராஜபாளையமும். முன்னது கோயிலாலும் பால்கோவாவாலும் புகழ் பெற்றது; பின்னது பஞ்சாலைகளால் பெயர் பெற்றது. தொழிலை நடத்துவோர் தம்மிடம் பணிபுரிவோரை வளர்ப்பது அறமா, வணிக உத்தியா என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் இவ்விரு ஊர்களின் வரலாற்றையும் கற்பது பயன் தரும்.

1936ஆம் ஆண்டு இராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பெற்றது. அதனை நிறுவியவர் பி.ஏ.சி. இராமசாமி ராஜா (1894–1962). அந்நிறுவனத்துக்கு அவர் தம் பெயரை இடவில்லை. ஊரின் பெயரையே இட்டார். பொதுமக்கள் பங்கு வாங்கக்கூடிய நிறுவனமாக அதனை அமைத்தார். மழையை நோக்கியிருந்த வேளாண் ஊர் ஒன்று, தன் சேமிப்பைத் தொழிலில் இடும் பழக்கத்தை இவ்வகையில் கற்றது. 1939இல் இராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தோன்றியது. அருகிலுள்ள சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊராக விளங்குகிறது.

முதலீடு திரட்டுவதினும் அரிய பணி ஒன்று அக்காலத்து ஆலை முதலாளிகளுக்கு இருந்தது. உழவும் கைத்தொழிலும் அறிந்த மக்களை இயந்திரத் தொழிலுக்குப் பழக்குவதே அது. பஞ்சைச் சுத்தம் செய்யும் புளோரூம் தொடங்கி, கார்டிங், டிராயிங், ஸ்பின்னிங் எனப் பல நிலைகளைக் கடந்தே நூல் உருப்பெறுகிறது. ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பயிற்சி வேண்டும். அறுந்த இழையை இயந்திரம் ஓடும்போதே இணைக்கும் கைத்திறன் ஒரே நாளில் வருவதன்று.

அந்நாளில் இந்திய ஆலைகள் பலவற்றில் இப்பயிற்சி மேஸ்திரிகளின் கையில் இருந்தது. ஆள் சேர்ப்பவரும், வேலை கற்பிப்பவரும், வேலையினின்று நீக்குபவரும் அவரே. ஆகவே வேலை பெறவும் அதைக் காத்துக்கொள்ளவும் தொழிலாளி அவருக்குக் கையூட்டுக் கொடுக்க நேர்ந்தது. 1931இல் அறிக்கை அளித்த தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் இம்முறையைக் கண்டித்து, ஆள் சேர்க்கும் அதிகாரம் மேஸ்திரியிடம் இருத்தலாகாது எனப் பரிந்துரைத்தது. கல்வி ஒருவரின் தனியுடைமையாகும் இடத்தில், கற்பவன் அடிமையாகிறான் என்பதே அவ்வறிக்கை உணர்த்தும் உண்மை.

அதற்கு மாற்று, கல்வியைப் பொதுவாக்குதலே. 1962இல் நிறுவனர் மறைந்தபின், அவர் மகன் பி.ஆர். இராமசுப்பிரமணிய ராஜா (1935–2017) தம் இருபத்தேழாம் வயதில் பொறுப்பேற்றார். 1963இல் தந்தையார் பெயரில் பாலிடெக்னிக் கல்லூரி இராஜபாளையத்தில் தோன்றியது. 2013இல் ராம்கோ பொறியியல் கல்லூரி உருவாயிற்று. பாலிடெக்னிக்கில் பட்டயம் பெறும் இளைஞர் அந்நிறுவனத்தின் ஆலைக்கே செல்லவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் செல்லலாம். பயிற்சி தந்தவனைவிட்டு நீங்கும் உரிமையும் பயிற்சி பெற்றவனுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் கல்வியே உண்மையான வளர்ப்பு.

இச்செய்தியை ஆமதாபாத் நகரின் வரலாறும் வலியுறுத்துகிறது. 1918இல் அங்குள்ள ஆலைத் தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஆலை முதலாளிகளுள் முதன்மையானவர் சமணக் குடும்பத்தில் பிறந்த அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா. முன்னரே தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர் அவர். காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். சிக்கல் நடுவர் தீர்ப்புக்கு விடப்பட்டு, தொழிலாளர் கேட்ட 35 விழுக்காடு உயர்வு வழங்கப்பெற்றது. 1920இல் தொழிலாளர் சங்கம் அமைந்தது. தம்பியும் தமக்கையும் எதிரெதிர் நின்றும் உறவை முறித்துக்கொள்ளவில்லை. எதிர்த்துப் பேசும் உரிமையை அளிப்பதும் தலைமைப் பண்பே என்பதற்கு இது சான்று.

இதற்கு மாறான நிகழ்ச்சிகளையும் மறைத்தலாகாது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தமிழகத்து நூற்பாலைகள் சிலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரில் ஏழைப் பெண்கள் பணியமர்த்தப்பட்டனர். மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி உழைத்தால், இறுதியில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை கிடைக்கும் என்பது உறுதிமொழி. அத்தொகை அவர்களுடைய ஊதியத்தினின்று பிடித்து வைக்கப்பட்டதே. முழு வேலை செய்தும் அவர்கள் ‘பயிற்சியாளர்’ என்றே அழைக்கப்பட்டனர். இடையில் விலகியோர் தொகையை இழக்கவும் நேர்ந்தது. பயிற்சி என்னும் நற்சொல் குறைந்த கூலிக்குப் போர்வையானது. சொல் ஒன்றே, அதன் பொருளோ தலைமையின் நோக்கத்தால் மாறுகிறது.

திருவில்லிபுத்தூர் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் பால்கோவா செய்து விற்கிறது. பால் கறந்து ஊற்றுபவரே அச்சங்கத்தின் உறுப்பினர். ஆண்டுப் பேரவையில் கேள்வி கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. பாலும் சர்க்கரையும் மட்டுமே சேரும் அப்பண்டத்தின் சுவை, அடுப்பருகே நின்று கிளறுபவரின் கைப்பக்குவத்தில் உள்ளது. 2019இல் அப்பால்கோவா புவிசார் குறியீடு பெற்றது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த அத்திறனுக்குக் கிடைத்த மதிப்பு அது.

இராஜபாளையத்துக்குத் தெற்கே உள்ள கழுகுமலைக்கு யாத்திரை சென்றோர், தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ் வெட்டப்பட்ட வட்டெழுத்துக்களைக் கண்டிருப்பர். குரவர், குரத்தியர், மாணாக்கர் பெயர்கள் ஆங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசிரியைகளான குரத்தியரின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நிற்பது எண்ணத்தக்கது. அவர்களும் ஒருகாலத்தில் மாணாக்கியராய் இருந்தவர்களே. கற்று முடித்துப் பிறருக்குக் கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தவர்கள்.

கடை நடத்துவோர், நெல் வணிகம் செய்வோர், நிறுவனம் நடத்துவோர் எனப் பலர் நம் குடும்பங்களில் உள்ளனர். ஒருவரிடமேனும் வேலை வாங்கும் நிலையில் உள்ள ஒவ்வொருவரும், ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது ஈட்டிய பொருளோடு இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சென்ற ஆண்டு நம்மிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர், இவ்வாண்டு மற்றவருக்குக் கற்பிக்கும் நிலையை அடைந்துள்ளாரா? ஆம் எனில், அத்தொழில் வளர்ந்திருக்கிறது.