கண்டியில் ஏன் சிப்பி கிடைப்பதில்லை?

கண்டியில உயிர்ச்சுவடு தேடிக் கிளம்பினா வெறுங்கையோடதான் திரும்பணும். திகன பக்கம் கல்லுடைக்கிற இடங்களுக்குப் போகலாம், மாத்தளையில் சுண்ணாம்புச் சூளைகளைச் சுற்றிப் பார்க்கலாம். வெள்ளைப் பளிங்கு கிடைக்கும். ஆனா அதில் ஒரு நத்தை ஓடோ சிப்பியின் அச்சோ இருக்காது. இத்தனைக்கும் அந்தப் பளிங்கு, ஒருகாலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புதான்.

காரணம் காலக்கணக்கில் இருக்கு. மலைநாட்டுப் பாறைகளின் மூலப் படிவுகள் ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் பழையவை. அப்போது கடலில் நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன. பிறகு, சுமார் 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டத்துண்டுகள் மோதி கோண்டுவானா உருவானபோது, இந்தப் படிவுகள் நிலத்துக்கடியில் ஆழமாகப் புதைந்து 800 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் வெந்தன. ஓடுள்ள பிராணிகள் கடலில் பெருகத் தொடங்கியதோ சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். சிப்பி பிறந்த நேரத்தில் கண்டியின் கல் வெந்து முடிந்துவிட்டது.

இந்தப் பளிங்கைப் பற்றி ஆரம்பத்திலேயே எழுதியவர்களில் ஒரு தமிழரும் உண்டு. கலைப்பீடத்தில் படிக்கிற நமக்கு ஆனந்த குமாரசுவாமி என்றால் சிவதாண்டவம் பற்றி எழுதியவர். ஆனா அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். இலங்கையின் பளிங்குச் சுண்ணாம்புக்கல் பற்றிய அவருடைய கட்டுரை 1902இல் லண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் இதழில் வந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைக்கு அவர்தான் முதல் பணிப்பாளர். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர், அங்கே கண்டியக் கைவினைஞர்களைக் கண்டார். 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற அவருடைய ஆங்கில நூல், பெயர்கூட எழுதி வைக்காத அந்தக் கைவினைஞர்களின் வேலையைப் பற்றியது.

சிப்பிதான் வேணும்னா கரைக்குப் போகணும். புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். வயது சில கோடி ஆண்டுகளைத் தாண்டாது, வேகவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது வரும் கல்லிலேயே ஓடுகளின் அச்சைப் பார்க்கலாம். அருவாக்காட்டில் கடல் முள்ளெலி, சிப்பி, சுறாப் பல் எல்லாம் கிடைத்திருக்கு. இந்தப் பாறைகளைப் பற்றி வேலண்டும் டேவிசும் 1923இல் விரிவாக எழுதினார்கள்.

இந்த இரண்டு கல்லையும் இணைக்கிற பாதை ஒன்று இருக்கு. 1820களில் தொடங்கி, தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த பாதை. சிப்பி நிறைந்த சுண்ணாம்பில் கால்வைத்து, சிப்பியே இல்லாத பளிங்கு மலைக்கு வந்து சேர்ந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு கிடையாது. கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. 2023இல், ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் ஜூலை 28 தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12 மாத்தளைக்கு வந்தது. 

ஆவணம் இல்லையென்றால் வரலாறு இல்லை என்று சொல்லி மலையகத்தை இரண்டு பந்தியில் முடிக்கிற புத்தகங்கள் நம்மிடம் உண்டு. புவிச்சரிதவியல் அப்படி வேலை செய்வதில்லை. சிப்பி இல்லை என்பதால் கண்டியில் கடல் இருக்கவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. பளிங்கு என்ற கல்லே கடலுக்குச் சாட்சி. அதற்குள் கறுப்புப் பொட்டுகளாகத் தெரியும் காரீயம், அந்தக் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் கரியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உருவம் போனாலும் பொருள் மிஞ்சியிருக்கு.

மலையகத்திலும் மிஞ்சியவை உண்டு: மாத்தளை முத்துமாரியம்மன் கோயில், ஒப்பாரிகள், தோட்டத்துப் பெயர்கள், லயத்துக் கிழவிகளின் ஞாபகம். இவற்றை ஆதாரமாக எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கப் பழகணும். ஞாபகம் கல்லைப் போல 200 கோடி வருசம் காத்திருக்காது. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே கேட்டு எழுதி வைக்கலாம்.