ஏரிக்கரைப் பாதைகளும் நடப்போர் உரிமையும்

கவிஞன் நடந்த வழியைப் போற்றுவோர் பலர். அவ்வழி யாருக்கு உரியது என வினவுவோர் சிலரே. இங்கிலாந்தின் வடமேற்கே மலைகளும் ஏரிகளும் செறிந்த ஏரிநாட்டின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகின்றது.

அந்நாட்டில் கிராஸ்மியர், ரைடல் என்னும் சிற்றூர்கள் தத்தம் பெயர் தாங்கிய ஏரிகளை அடுத்து அமைந்துள்ளன. இரண்டையும் இணைத்து மலைச்சரிவில் செல்லும் நடைபாதைக்குச் 'சவப்பெட்டி வழி' என்று பெயர். கிராஸ்மியரிலுள்ள புனித ஆஸ்வால்டு ஆலயத்தின் இடுகாட்டுக்கு அயலூரார் தம் இறந்தோரைச் சுமந்து சென்ற வழி அது. பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாறிய கல் இன்றும் பாதையோரம் கிடக்கின்றது. உழைக்கும் எளியோரின் கால்களே அவ்வழியை வகுத்தன.

வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை இப்பாதையின் ஒரு முனையருகே, பின்னாளில் டவ் காட்டேஜ் எனப் பெயர்பெற்ற இல்லத்தில் வாழ்ந்தார். 1813 முதல் 1850இல் மறையும் வரை மறுமுனையருகே ரைடல் மவுண்டில் வாழ்ந்தார். அவர் கல்லறையும் அந்த ஆலய வளாகத்திலேயே உள்ளது. 1810இல் முதலில் வெளிவந்து பின்னர் விரிவுற்ற ஏரிநாட்டு வழிகாட்டி நூலில், காணும் கண்ணும் நுகரும் நெஞ்சும் உடைய அனைவர்க்கும் அந்நிலம் பொதுச்சொத்துப் போன்றது என அவர் கருத்துரைத்தார். ஆயினும் விண்டர்மியருக்கு இருப்புப்பாதை அமைக்க முயன்றபோது, 1844இல் அதனை எதிர்த்துப் பாடலும் மடல்களும் எழுதினார். இயற்கையழகைச் சுவைக்கப் பழகாத ஆலைத்தொழிலாளர் திரளாக வருவதால் அவர்களுக்கும் பயனில்லை என்பது அவர் வாதம். 1847இல் தொடர்வண்டி வந்தே விட்டது.

பாதைகளுக்கு உண்மையான இடர் வேறு திசையிலிருந்து வந்தது. கெசிக் நகரை அடுத்த லாட்ரிக் குன்றின் வழிகள் நிலவுடைமையாளரால் அடைக்கப்பட்டன. 1887 அக்டோபர் 1ஆம் நாள் ஏறத்தாழ 2000 பேர் தடைகளை மீறிக் குன்றேறினர். 1888இல் வழக்கு இணக்கத்தில் முடிந்து, உச்சிக்குச் செல்லும் வழி மக்களுக்கு உறுதியாயிற்று.

அப்பகுதியின் சமயகுரு ஹார்ட்விக் ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர் ஆகியோர் 1895இல் தேசிய அறக்கட்டளையை நிறுவினர். டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையிலுள்ள பிராண்டெல்ஹோ நிலம் பொதுமக்கள் நன்கொடையால் வாங்கப்பெற்று 1902இல் திறக்கப்பட்டது. ஒருமுறை கண்ட ஏரியை மறவாத தொழிலாளி ஒருவர் இரண்டு ஷில்லிங் அனுப்பினார். அழகைச் சுவைக்க அறியார் என்று கவிஞர் எவரைக் கருதினாரோ, அவருள் ஒருவரே அவ்வழகைக் காக்கக் கைகொடுத்தார் என்பது எண்ணத்தக்கது.

1951இல் ஏரிநாடு தேசியப் பூங்காவாயிற்று. 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அந்நாட்டுப் பாதைகளுக்குப் புகழ் தேடித் தந்தவர்கள் கவிஞர்கள்; அவற்றை அடைபடாமல் காத்தவர்கள் பெயர் அறியப்படாத வழிநடையர்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் பாடல்களைப் பயில்வோர் அவ்விரு திறத்தாரையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும்.