பெயர் எழுதாத படங்கள்

விக்டோரியா மகாராணியார் அரசாண்ட 1837 முதல் 1901 வரையுள்ள காலமே நாகரிகத்தின் உச்சமென்று சீமையில் ஒரு சாரார் பெருமை பேசுவர். அக்காலத்துப் புகைப்படங்களிற் சிலவற்றைப் பார்க்கும் நமக்கோ முதலில் சிரிப்பே உண்டாகிறது. தன் தலையைத் தானே தட்டில் ஏந்தி நிற்பான் ஒருவன். இரண்டு படங்களை ஒட்டிச் செய்த வேடிக்கை அது. இறந்தோரின் ஆவி உயிருள்ளோர் தோளுக்குப் பின்னால் நிற்பதாகப் படங்காட்டிக் காசு பறித்தான் மம்லர் என்னும் அமெரிக்கன். 1869-இல் நியூயார்க்கில் அவன்மேல் வழக்கு வந்தது. சான்று போதாதென்று விடுவிக்கப்பட்டான். பேயோட்டிப் பிழைக்கும் நம்மூர்ப் பூசாரிகள் இச்செய்தியை அறிந்திருந்தால் ஆளுக்கொரு காமிரா வாங்கியிருப்பர்!

இவற்றினும் விந்தையானது ஒன்றுண்டு. அந்நாளில் படம் பதியப் பல விநாடிகள் செல்லும். சற்றே அசைந்தாலும் உருவம் கலைந்துவிடும். கைக்குழந்தையை அசையாது இருத்துவது எங்ஙனம்? தாயை நாற்காலிபோல் அமர்த்தித் தலைமுதல் கால்வரை துணியால் மூடி, அவள் மடியில் பிள்ளையை வைத்துப் படம் எடுத்தனர். பிள்ளையின் முகம் விளங்கும். அதைத் தாங்கியிருப்பவளோ துணிமூட்டையாகத் தோன்றுவாள்.

நிற்க. சீமை வேடிக்கைக்கும் பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். 1885-இல் பகாங் மலைகளை அளக்கப் புகுந்த வில்லியம் கேமரன் என்பாரின் பெயரையே நம் மலை தாங்கி நிற்கிறது. நாம் கூறவந்தது வேறொரு கேமரனைப் பற்றி. அவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். இலங்கையில் தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

1815-இல் கல்கத்தாவில் பிறந்த இவ்வம்மையாருக்கு, 1863-இல், நாற்பத்தெட்டாம் வயதில், மகள் ஒரு காமிராவைப் பரிசளித்தாள். அதன் பின்னர் அவர் வீட்டில் யாருக்கும் ஓய்வில்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவியாக வேண்டும். எதிரே அமர்ந்தோர் சில நிமிஷம் சிலைபோல் இருக்கவேண்டும். அண்டை வீட்டிலிருந்த டென்னிசன் என்னும் பெரும் புலவரும் இதற்குத் தப்பவில்லை. மேரி ஹில்லியர் என்ற வேலைக்காரப் பெண்ணை அம்மையார் கன்னி மரியாளாக்கிப் பலமுறை படமெடுத்தார். அவள் பெயர் இன்றளவும் நூல்களில் நிற்கிறது. இதை வாசகர் நினைவிற் கொள்க.

அம்மையாரின் கணவர் சார்லஸ் கேமரன் இலங்கையில் காப்பித் தோட்டங்கள் உடையவர். 1869-இல் தோன்றிய இலைநோய் அந்நாட்டுக் காப்பியை அரிக்கத் தொடங்கிற்று, குடும்பத்திலும் பணமுடை. 1875-இல் தம்பதிகள் இலங்கைக்குக் கப்பலேறினர். சவப்பெட்டிகளையும் ஒரு பசுவையும் உடன் கொண்டுசென்றனர் என்பர்!

அங்கே களுத்துறையில் அம்மையார் மீண்டும் காமிராவை எடுத்தார். அவ்விலங்கைப் படங்களில் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. இவற்றிற் காணப்படும் தொழிலாளரிற் பலரைத் தமிழரென்றே ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காட்டுவழி நடந்து மலையேறியவர் மரபினர் அவர். மரியான் நார்த் என்னும் ஓவியப் பெண்மணி விருந்தாளியாக வந்து கண்டதைத் தம் நூலில் எழுதியுள்ளார். ஒருவனுடைய முதுகின் அழகைக் கண்டு மயங்கிய அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக அமர்த்தும்படி மகனை வற்புறுத்தினாராம். அவ்வீட்டிற்குத் தோட்டமே இல்லை. அவனுக்கோ அச்சொல்லின் பொருளே தெரியாது! படிக்க வேடிக்கைதான். ஆயினும் அவன் பெயரென்ன? மரியான் நார்த் அம்மையார் எழுதவில்லை. படங்களின் அடியிலும் "தோட்டத் தொழிலாளர் கூட்டம்" என்பதுபோன்ற குறிப்பே காணப்படுகிறது. விருந்தாளியாக வந்த வெள்ளைப் பெண்மணியின் படத்திற்குப் பெயருண்டு. வேலைக்காரி மேரிக்குப் பெயருண்டு. சீமைத் தாய்மார் முகத்தைத் துணி மூடியது. நம்மவர் முகம் பளிச்சென்று தெரிய, பெயரை மட்டும் மூடிவிட்டனர்.

அம்மையார் கெட்ட எண்ணத்தால் இப்படிச் செய்தாரென்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. அவ்வுருவங்களை அவர் அழகாகவே கண்டார். சாதி வகை காட்ட ஆட்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்த அக்காலத்து அதிகாரிகளைப்போல் கண்டாரில்லை. எனினும் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

நமக்கு மட்டும் தோன்றுகிறதா? பிரிஞ்சாங்கை அடுத்த சுங்கை பாலாஸ் சரிவில் உல்லாசப் பயணிகள் நாள்தோறும் படம் எடுக்கின்றனர். கொழுந்தெடுப்போரில் இன்று நம்மவர் குறைந்து, வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் பெருகியுள்ளனர். அவர்களை எட்ட நின்று படம்பிடிப்போரில் நம் பிள்ளைகளும் உண்டு. நம் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் பழைய தோட்டப் படங்களைத் திருப்பிப் பார்த்தாலும் பின்புறம் வெறுமையாகவே உளது. பாட்டி உயிரோடிருக்கையில் கேட்டு ஒரு பென்சிலால் எழுதிவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கேமரன் அம்மையார் 1879 ஜனவரி 26-இல் இலங்கை மலைநாட்டில் காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். போகவந்தலாவையில், தேயிலை சூழ்ந்த ஒரு சிறு தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்கள் பெயர் பொறித்த கல் இன்றும் அங்கே நிற்கிறது.